டைனோசர் புத்தகங்கள் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: எதை, எந்த வரிசையில், எப்படி

என் புத்தக அலமாரியில் இகுவானோடான் என்ற டைனோசர் மூன்று உடம்போடு இருக்கிறது. ஒரு புத்தகத்தில் மூக்கின் மேல் கொம்பு வைத்த, காண்டாமிருகம் போன்ற கனத்த பிராணி. இன்னொன்றில் கங்காரு மாதிரி வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறது. மூன்றாவதில் முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, வாலைப் பின்னால் நீட்டி, பெரும்பாலும் நான்கு காலில் நடக்கிறது.

1825இல் இங்கிலாந்து மருத்துவர் கிடியன் மாண்டெல் இதற்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை பற்கள்தான். பிறகு எலும்புகளோடு கிடைத்த கூரான துண்டு ஒன்றை மூக்குக் கொம்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. கொம்பு மூக்கிலிருந்து கட்டைவிரலுக்கு இறங்கியது. லூயி டோலோ அவற்றை நிமிர்த்தி நிற்க வைத்தார். அந்தத் தோற்றம் நூறு வருடம் நிலைத்தது. 1980இல் டேவிட் நார்மன் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்து, அப்படி நிற்க வேண்டுமென்றால் வால் ஒடிந்தே இருக்க வேண்டும் என்று காட்டினார்.

டைனோசர் புத்தகங்களில் எனக்குப் பிடித்ததே இதுதான். செத்துக் கல்லான ஒரு விலங்கைப் பற்றி மனிதர்கள் நூற்றைம்பது வருடமாக மனம் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லும் புத்தகத்தைத்தான் நான் நல்ல புத்தகம் என்பேன். "இத்தனை அடி நீளம், இத்தனை டன் எடை" என்று மட்டும் அடுக்குகிற புத்தகம் ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

கீழே உள்ள வரிசை, பள்ளி மேல்வகுப்பு மாணவர் முதல் ஓய்வு பெற்றவர் வரை யாருக்கும் பொருந்தும். சிறு குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நான் பெயர் சொல்லும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கிலம் தடுமாறும் என்றால் ஐந்தாம் படியில் சொல்லும் படப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். படத்தையும் அதன் கீழ்க்குறிப்பையும் படித்தாலே பாதி விஷயம் வந்துவிடும்.

முதல் படி: அச்சான ஆண்டைப் பாருங்கள்

அட்டைப் படத்தில் மயங்குவதற்கு முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்புங்கள். எந்த ஆண்டு எழுதப்பட்டது, மறுபதிப்பா, திருத்திய பதிப்பா என்று அங்கே இருக்கும். மறுபதிப்பு என்றால் பழைய எழுத்து, புது அட்டை. கணக்கில் கொள்ள வேண்டியது முதலில் எழுதிய ஆண்டைத்தான்.

நான்கு ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம், மொன்டானாவில் தாம் கண்டெடுத்த, வேகமாக ஓடி வேட்டையாடும் டைனானிகஸ் என்ற டைனோசர் பற்றி எழுதினார். மந்தமான பெரும்பல்லி என்ற எண்ணம் உடையத் தொடங்கியது அதிலிருந்து. 1991இல் மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம்தான் டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த இடம் என்று அறிவியல் உலகுக்குச் சொல்லப்பட்டது. 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் வந்தது: உடல் முழுக்க மென்மயிர் போன்ற இறகு கொண்ட, பறவையல்லாத டைனோசர். 2010இல் அதே விலங்கின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருந்தன என்று, இறகில் தங்கியிருந்த நுண்ணிய நிறத்துகள்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். டைனோசரின் நிறம் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கும் புத்தகம் அதற்கு முந்தியது என்று புரிந்துகொள்ளலாம்.

பழைய புத்தகம் என்றால் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1980க்கு முந்திய புத்தகம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் நான் விடுவதே இல்லை. ஆனால் அதை உங்கள் முதல் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: கடையில் நின்றபடியே ஒரு சோதனை

ஆண்டு புதிதாக இருந்தும் உள்ளே பழைய சரக்கு இருப்பதுண்டு. ஒரு புத்தகக் கண்காட்சியில் பளபளப்பான அட்டையோடு ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் விரித்தால் முதல் பக்கத்திலேயே டிமெட்ரோடான், "பயங்கர டைனோசர்" என்ற பட்டத்தோடு. முதுகில் பாய்மரம் போல விரிந்த அந்தப் பிராணி, முதல் டைனோசர் தோன்றுவதற்கு நான்கு கோடி வருடங்களுக்கு முன்பே மறைந்துவிட்டது. உறவு முறையில் அது டைனோசரை விட நமக்கு, அதாவது பாலூட்டிகளுக்கு, நெருக்கம். அன்றிலிருந்து வாங்குவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்கிறேன்.

முதலில் டிமெட்ரோடான், பறக்கும் டெரோசார், கடலில் நீந்தும் இக்தியோசார், பிளீசியோசார். இவை புத்தகத்தில் இருப்பதில் தப்பில்லை. டைனோசர் என்று பெயர் போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. டெரோசார் நெருங்கிய சொந்தம், ஆனால் டைனோசர் கிடையாது. டைனோசர் என்றால் கால்கள் உடலுக்கு நேர் கீழே தூண் போல இறங்கும். தொடை எலும்பு பொருந்தும் இடுப்புக் குழியில் ஓட்டை இருக்கும். இதை ஒரு வரியிலாவது சொல்லும் புத்தகத்தை நம்பலாம்.

அடுத்தது கைகள். இரண்டு காலில் நடக்கும் ஊனுண்ணிகளின் படத்தில் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது? கை தட்டப் போவது போல ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஹார்மோனியம் வாசிப்பது போலத் தரையைப் பார்த்துத் தொங்கினால் ஓவியர் எலும்பைப் பார்த்து வரையவில்லை. அந்த மணிக்கட்டு அப்படித் திரும்பாது.

மூன்றாவது வெலாசிராப்டர். அதன் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த சிறு மேடுகள் இருப்பதை 2007இல் காட்டினார்கள். உயரத்தில் அது வான்கோழி அளவுதான். இறகே இல்லாமல், ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தால் அந்தப் புத்தகம் ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் திரைப்படத்தைப் பார்த்து வரைந்தது.

மூன்றும் தேறினால், கடைசியாகப் பொருளடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற அகரவரிசைப் பட்டியல், இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். பொருளடைவு போட மெனக்கெட்ட பதிப்பாளர் மற்றதிலும் மெனக்கெட்டிருப்பார் என்பது என் அனுபவம்.

மூன்றாம் படி: காலத்தை ஒரு நாடாவில் ஒட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அரை மணி நேர வேலை. இதற்குப் பிறகு படிக்கும் எல்லாமே எளிதாகிவிடும்.

ஆங்கிலப் புத்தகங்கள் காலத்தை மில்லியனில் சொல்லும். பத்தால் வகுத்தால் நம் கோடி. பூமியின் வயது 460 கோடி வருடம். ஒரு கோடி வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாலு மீட்டர் 60 சென்டிமீட்டர். ஒரு சேலையின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. துணிக்கடைக் காகித நாடாவோ, பில் போடும் காகிதச் சுருளோ வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். வலது ஓரம் இன்று. அங்கிருந்து பின்னோக்கி அளந்து குறியுங்கள்.

54 சென்டிமீட்டரில், விலங்கு வகைகள் பெருகிய கேம்பிரியன் காலத்தின் தொடக்கம். மீனும் நாலுகால் பிராணியும் சந்திக்கும் டிக்டாலிக் 37.5இல். உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்த பெர்மியன் பேரழிவு 25.2இல். அர்ஜென்டினாவில் கிடைத்த மிகப் பழைய டைனோசர்கள் 23க்குப் பக்கத்தில். விண்கல் 6.6இல். நம் மனித இனம் கடைசி 0.3 மில்லிமீட்டர், பேனாக் கோட்டின் தடிமன்கூட அதை விட அதிகம்.

ஒட்டி முடித்ததும் இடது பக்கத்தைப் பாருங்கள். நாலு மீட்டர் நாடாவில் கண்ணுக்குத் தெரியும் விலங்கு அநேகமாக எதுவுமே இல்லை. அப்புறம் ஸ்டெகோசாரஸை 15இல் வையுங்கள், டி. ரெக்ஸை 6.8க்கும் 6.6க்கும் நடுவில் வையுங்கள். எத்தனையோ படங்களில் இரண்டும் சண்டை போடுகின்றன. ஸ்டெகோசாரஸுக்கும் டி. ரெக்ஸுக்கும் இடையே எட்டு சென்டிமீட்டர், டி. ரெக்ஸுக்கும் நமக்கும் இடையே ஆறரைதான். படித்துத் தெரிந்துகொள்வதை விட, விரலை வைத்து அளக்கும்போது இது உறைக்கும்.

நான்காம் படி: பெயர்களைப் பிரித்துப் படியுங்கள்

பெயர்கள்தான் பலரை விரட்டிவிடுகின்றன. மனப்பாடம் செய்யாதீர்கள். சந்தி பிரிப்பது போலப் பிரியுங்கள். சாரஸ் என்றால் பல்லி. ட்ரைசெராடாப்ஸ்: மூன்று, கொம்பு, முகம். டெரோடாக்டில்: சிறகு, விரல், அதன் சிறகுத் தோலைத் தாங்கியதே நீண்ட நான்காவது விரல்தான் என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கிறது. டைனோசர் என்ற சொல்லை 1842இல் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கத்திலிருந்து உருவாக்கினார்: அச்சமூட்டும் அளவுக்குப் பெரிய பல்லி.

கிரேக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கோதாவரிப் படுகையில் கிடைத்து 1975இல் பெயர் பெற்ற பராபாசாரஸ் டாகோரை என்ற நீள்கழுத்து டைனோசரின் பெயரில் "பரா பா" என்பது வங்க மொழியில் "பெரிய கால்". டாகோரை என்பது இரவீந்திரநாத் தாகூர். அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது. நம் அரியலூரில் கிடைத்த பிருகத்காயோசாரஸ் பெயரில் இருப்பது வடமொழியின் பிருகத், காயம்: பேருடல். அதன் சோகக் கதை கடைசிப் படியில்.

பெயருக்குள் பழைய தப்பும் உறைந்திருக்கும். 1923இல் மங்கோலியாவில் முட்டைக் குவியலின் மேல் கிடந்த ஒரு விலங்குக்கு அடுத்த ஆண்டு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயர் வைத்தார்கள். 1993இல் அதே மாதிரி முட்டைக்குள் இருந்த கருவைப் பார்த்தால் அது அந்தக் குடும்பத்தின் சொந்தக் குஞ்சு. அடைகாத்தபடியே புதைந்துபோன எலும்புக்கூடுகளும் பிறகு கிடைத்தன. பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாது. முட்டையைக் காத்துச் செத்த இனத்துக்குத் திருடன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஐந்தாம் படி: முதல் புத்தகம்

சரி, இனி வாசிப்பு. கதையாகப் படிக்கப் பிடிக்கும் என்றால் ஸ்டீவ் புருசாட்டியின் 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் தி டைனோசர்ஸ்', 2018. படம் பார்த்துப் படிக்கப் பிடிக்கும் என்றால் டேரன் நைஷும் பால் பாரெட்டும் எழுதிய 'டைனோசர்ஸ்: ஹவ் தே லிவ்ட் அண்ட் இவால்வ்ட்', 2016.

புருசாட்டி அகழாய்வுக் களத்தில் வேலை செய்கிற ஆய்வாளர். சீனாவில் இறகுள்ள ஒரு புதைபடிவத்தைப் பார்க்கப் போகும் பயணத்தோடு புத்தகம் தொடங்கும். என் எண்ணத்தை மாற்றியது, டைனோசர்கள் தோன்றிய டிரயாசிக் காலத்தைப் பற்றிய பகுதி. டைனோசர்கள் வந்த உடனே ஆளத் தொடங்கிவிட்டன என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்று கோடி வருடம் அவை ஓரமாகத்தான் இருந்தன. முதலையின் மூதாதை உறவினர்கள்தான் அன்றைக்குப் பலவகையாகப் பெருகி, மேலோங்கி இருந்தார்கள். 20.1 கோடி வருடத்துக்கு முந்திய பேரழிவில் அவர்களில் பெரும்பாலோர் போனார்கள், டைனோசர்கள் தப்பின. ஆசிரியரின் நண்பர்கள், பயணங்கள் பற்றிய பக்கங்கள் கொஞ்சம் அதிகம். சலித்தால் தாண்டிப் போகலாம், ஒன்றும் விட்டுப் போகாது.

நைஷ், பாரெட் புத்தகம் கேள்வி கேள்வியாகப் போகும்: என்ன சாப்பிட்டன, எப்படி நடந்தன, எப்படி வளர்ந்தன. ஒவ்வொரு விடைக்கும் எந்த எலும்பு, எந்தச் சோதனை என்று காட்டுவார்கள். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான்.

வகை வகையாகப் புரட்டிப் பார்க்க கிரெகரி பாலின் 'பிரின்ஸ்டன் ஃபீல்ட் கைட் டு டைனோசர்ஸ்' இருக்கிறது. அகராதி போல வைத்துக்கொள்ளுங்கள், தொடர்ச்சியாகப் படிக்க வேண்டாம். மற்ற ஆய்வாளர்கள் தனித்தனி என்று கருதும் சில விலங்குகளை அவர் ஒன்றாகச் சேர்ப்பார். பெயர் வேறு புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் குழம்பாதீர்கள்.

விலை அதிகமாகத் தோன்றினால் முதலில் நூலகம். சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் போய்க் கேட்க வேண்டிய இடங்கள். ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஒன்றோடொன்று வாதாடும் புத்தகங்கள்

ஒரு புத்தகம் படித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது போல இருக்கும். இந்த இடத்தில்தான் எதிரெதிர்ப் புத்தகங்களைப் படிக்க வேண்டும்.

ராபர்ட் பேக்கரின் 'தி டைனோசர் ஹெரசீஸ்', 1986. டைனானிகஸைக் கண்டெடுத்த ஆஸ்ட்ரமின் மாணவர் இவர். 1969 ஆய்வுக் கட்டுரைக்கு ஓடும் டைனானிகஸை வரைந்தவரும் இவர்தான். டைனோசர்கள் வெப்ப ரத்தம் கொண்டவை, சுறுசுறுப்பானவை என்று ஒரு வழக்கறிஞரின் வேகத்தோடு வாதாடுகிறார். சில வாதங்கள் இன்று நிற்காது. ஆனாலும் படியுங்கள். எலும்பின் உள்ளமைப்பு, வேட்டையாடிக்கும் இரைக்கும் உள்ள விகிதம் என்று ஒவ்வொன்றையும் சாட்சியாக நிறுத்தும் விதம், சான்றை எப்படி எடை போடுவது என்று கற்றுத்தரும்.

அடுத்து ஒரு ஜோடி. கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறையில் சார்ல்ஸ் வால்காட் 1909இல் கண்டெடுத்த, 50 கோடி வருடத்துக்கும் பழைய மெல்லுடல் பிராணிகள் பற்றி ஸ்டீவன் ஜே கூல்ட் 1989இல் எழுதியது 'வொண்டர்ஃபுல் லைஃப்'. காலத்தை மறுபடி ஓட்டினால் உயிர் வேறு வழியில் போயிருக்கும், நாம் வந்திருக்கவே மாட்டோம் என்பது அவர் கட்சி. அந்தப் பிராணிகளை நேரில் ஆராய்ந்து, கூல்ட் புத்தகத்திலேயே பாராட்டப்பட்ட சைமன் கான்வே மோரிஸ், 1998இல் 'தி க்ரூசிபிள் ஆஃப் கிரியேஷன்' எழுதி மறுத்தார்: உயிர் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தீர்வுகளுக்கே வந்து சேரும் என்று. நான் முதலில் கூல்ட் பக்கம் இருந்தேன். இப்போதும் எழுத்தழகில் அவர் பக்கம்தான்.

இங்கேதான் ஆண்டு பார்ப்பதன் பயன் தெரியும். கூல்ட் புத்தகத்தில் ஹாலுசிஜீனியா என்ற பிராணி ஏழு ஜோடி முட்களை ஊன்றி நடக்கிறது. 1991இல், சீனாவில் கிடைத்த அதன் உறவினர்களைப் பார்த்த பிறகு, முட்கள் முதுகில் இருந்தவை, நடந்தது மறுபக்கம் இருந்த மென்கால்களில் என்று தெரிந்தது. 2015இல் தலை என்று நினைத்த பக்கம் வால் என்பதும் தெரிந்தது. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி அந்தப் படத்தைப் பாருங்கள். முட்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது, வால்டர் ஆல்வரெஸின் 'டி. ரெக்ஸ் அண்ட் தி க்ரேட்டர் ஆஃப் டூம்', 1997. சின்னப் புத்தகம், துப்பறியும் கதை போல ஓடும். இத்தாலியின் குப்பியோ ஊரில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, டைனோசர்கள் அழிந்த காலத்தைச் சேர்ந்த, விரல் தடிமனில் ஒரு களிமண் அடுக்கு. அது படிய எவ்வளவு காலம் ஆனது என்று அறிய, விண்தூசியோடு சீராக விழும் இரிடியத்தை, பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் இருக்கும் உலோகத்தை, அளந்தார்கள். எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு இரிடியம் இருந்தது. கடிகாரமாகப் பயன்படுத்த எடுத்த பொருள் கொலைக்குச் சாட்சியாகிவிட்டது. 1980இல் கட்டுரை வந்தபோது பள்ளம் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. யுகடான் தீபகற்பத்தில் எண்ணெய் தேடியவர்கள் அந்த வட்டத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள் என்ற பகுதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: டைனோசருக்கு முன்னும் பின்னும்

நாடாவில் டைனோசர் இடம் பதினாறு சென்டிமீட்டர்தான். மீதிக்கு நான்கு புத்தகங்கள்.

நீல் ஷூபினின் 'யுவர் இன்னர் ஃபிஷ்', 2008, முதலில். மீன் கரையேறிய காலத்துப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று வரைபடத்தில் தேடி, கனடாவின் வடதுருவப் பகுதியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்கு 1999 முதல் போய்த் தேடி, 2004இல் டிக்டாலிக்கை எடுத்தார்கள். இருக்கும் என்று கணித்த காலத்தில், கணித்த வகைப் பாறையில் இருந்தது. துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டின் ஆரம்பம். உங்கள் கையை மடக்கிப் பார்த்தபடியே படிக்கலாம். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க இதை விடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது.

மைக்கேல் பெண்டனின் 'வென் லைஃப் நியர்லி டைட்', 2003, டைனோசர்களை அழித்ததை விடப் பெரிய பெர்மியன் பேரழிவு பற்றியது. சைபீரிய எரிமலைக் குழம்பு ஓடிய காலம். கொஞ்சம் கனமான வாசிப்பு. தாமஸ் ஹாலிடேயின் 'அதர்லாண்ட்ஸ்', 2022, இன்றிலிருந்து பின்னோக்கிப் போகும். ஓர் அத்தியாயத்துக்கு ஓர் இடம், ஒரு காலம். பனியுக அலாஸ்காவில் தொடங்கி 55 கோடி வருடத்துக்கு முந்திய ஆஸ்திரேலியக் கடலில் முடியும். நாளுக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் படிக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் தங்க வேண்டும். ரைலி பிளாக்கின் 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் தி டைனோசர்ஸ்', அதே ஆண்டு: விண்கல் விழுந்த முதல் மணி, முதல் நாள், முதல் மாதம் என்று போய்ப் பத்து லட்சம் வருடத்தில் நிற்கும்.

எட்டாம் படி: படத்தைக் கேள்வி கேளுங்கள்

2012இல் வந்த 'ஆல் யெஸ்டர்டேஸ்' ஒரு மெல்லிய ஓவியப் புத்தகம். ஜான் கான்வே, சி. எம். கோஸ்மென், டேரன் நைஷ் மூவரும் செய்தது. டைனோசர்கள் எந்நேரமும் வாயைப் பிளந்து சண்டையா போட்டிருக்கும், தூங்காதா, விளையாடாதா என்று கேட்கிறது. கடைசிப் பகுதியில் இன்றைய விலங்குகளை, எலும்பு மட்டும் கிடைத்த எதிர்கால ஆய்வாளர் வரைவது போல வரைந்திருக்கிறார்கள். தசையும் கொழுப்பும் மயிரும் இல்லாத அந்த உருவங்களைப் பார்த்த பிறகு எந்த டைனோசர் படத்தையும் பழையபடி பார்க்க முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இதில் எது எலும்பிலிருந்து வந்தது? எது உறவுக்கார விலங்குகளிலிருந்து ஊகித்தது? எது ஓவியரின் மனதிலிருந்து வந்தது? மூன்றாவதும் தேவைதான், எது எது என்று தெரிந்தால் போதும்.

குழந்தைகளோடு படிக்கும்போது

ஐந்து வயதுக் குழந்தை எண்பது பெயர் சொல்லும். அதைத் தடுக்க வேண்டாம், அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம். என் மகள் அந்த வயதில் இருந்தபோது, பக்கத்தைப் புரட்டும் ஒவ்வொரு தடவையும் "இது எப்படித் தெரிஞ்சது?" என்ற ஒரே கேள்வியை நான் கேட்டேன். சில வாரங்களில் அவள் என்னைக் கேட்கத் தொடங்கினாள். எனக்குப் பதில் தெரியாத இடங்களில் இருவரும் சேர்ந்து தேடினோம்.

சமையலறையிலும் பாடம் இருக்கிறது. அசைவம் சாப்பிடும் வீடு என்றால், கோழியின் நெஞ்சுப் பகுதியில் உண்டிவில் கவட்டை போல ஓர் எலும்பு இருக்கும். அதே எலும்பு டி. ரெக்ஸுக்கும் உண்டு. கோழிக் காலின் முன் மூன்று விரல்களையும் செதில்களையும் காட்டுங்கள். பறவைகள் டைனோசர் வம்சம் என்பதை எந்தப் புத்தகமும் இதை விடத் தெளிவாகச் சொல்லாது. சாப்பிடாத வீட்டில் வாசலில் நடக்கும் காகம் போதும்.

எட்டு வயதுக்கு மேல் மேரி ஆனிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் சிறுவர் நூல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் ஏழைத் தச்சரின் மகள். பன்னிரண்டு வயது வாக்கில் அண்ணன் மண்டையோட்டைப் பார்த்த இக்தியோசாரின் மீதி உடலைக் கண்டெடுத்தவர். 1823இல் முழுப் பிளீசியோசார். அவர் எடுத்துக் கொடுத்ததை வைத்துக் கட்டுரை எழுதினார்கள், அவரைச் சங்கத்தில் சேர்க்கவில்லை. லண்டன் நிலவியல் சங்கம் பெண்களை உள்ளே விடாத காலம் அது.

ஒன்பதாம் படி: புத்தகத்தோடு அரியலூருக்கு

பிரணய் லாலின் 'இண்டிகா', 2016, இந்தத் துணைக்கண்டத்தின் ஆதி வரலாறு. ஜபல்பூர், நர்மதைக் கரை, குஜராத்தின் பாலாசினோர் அருகே ரையோலியில் கிடைத்த முட்டைகள், 2003இல் பெயர் பெற்ற ராஜசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசர், தக்காண எரிமலைகள் எல்லாம் ஒரே கதையாக வரும். தடித்த புத்தகம். டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் பற்றிய பகுதியை மட்டும் முதலில் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

அரியலூர், பெரம்பலூர் மண்ணின் பெரும்பகுதி அந்தக் காலத்தில் கடலடி. இன்று சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் வண்டல். கல்லமேடு பக்கம் கிடைத்த பேரெலும்புகளுக்கு 1987இல் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். முதலில் ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மற்றவர்கள் சொன்னார்கள். உலகிலேயே மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் மழைநீர் புகுந்து எலும்புகள் பொடிந்துவிட்டன. எஞ்சியவை படங்களும் எழுத்தும்தான். சான்று இல்லாமல் போனால் வாதம் எங்கே போய் நிற்கும் என்பதை எனக்கு உணர்த்திய விலங்கு இது.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டையான கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று படங்கள் பரவின. நிலவியலாளர்கள் பார்த்து, அவை அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரியைச் சுற்றிப் படிந்த உருண்டைகள் என்று விளக்கினார்கள். இதுவரை சொன்ன படிகளைத் தாண்டி வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் "கடலடியில் முட்டை எப்படி?" என்று கேட்டிருப்பார்.

போகும்போது வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். எதைத் தேட வேண்டும் என்று கண் பழகும். அப்புறம் சாத்தனூர் கல்மரம்: 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளத்தில் அப்படியே கிடக்கிறது. பிறகு காரை கிராமத்துக்கு அருகே உள்ள வெட்டவெளிச் செம்மண் ஓடைகள். காலையிலேயே போய்விடுங்கள், அங்கே நிழலே கிடையாது. தண்ணீர், தொப்பி, கைலென்ஸ், ஓர் அளவுகோல், குறிப்பேடு. கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், எந்த அடுக்கில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி ரவை போல நீண்டு கூராக இருப்பது பெலம்னைட், கணவாயின் பழைய சொந்தம். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டிருப்பது அம்மோனைட். இரண்டும் உங்கள் நாடாவின் 6.6 சென்டிமீட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.